எல்லை நாட்டுக் குன்றங்கள்

மலை என்றவுடன் நம் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது இமயம். அதன் கொடுமுடியாகிய எவரெஸ்டு 8,849 மீட்டர் உயரமுடையது. 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லாரியும் அதன் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த செய்தி உலகெங்கும் பரவியது. அத்தகைய அருஞ்செயல் ஆற்றுவோர் ஆயிரத்தில் ஒருவர். பதினாயிரத்தில் ஒருவர் என்றாலும் பொருந்தும். ஆயினும் மலையேறும் இன்பம் அவர்க்கு மட்டும் உரியதன்று. ஊருக்கு அருகே நின்று நாள்தோறும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறு குன்றங்கள் பல உண்டு. அவற்றின் பெயர் உலகப் படத்தில் இராது. காலையில் கட்டுச்சோறும் நீர்க்குடுவையும் கொண்டு புறப்பட்டவன் உச்சியைக் கண்டு, உச்சிவேளைக்குள் வீடு திரும்பிவிடலாம். அவற்றை ஏறுதற்குப் பெரும்பொருள் வேண்டா, பேராற்றலும் வேண்டா. நடக்கும் காலும், நோக்கும் கண்ணும், எண்ணும் நெஞ்சும் இருந்தால் போதும்.

இத்தகைய குன்றங்கள் நிறைந்த நிலப்பகுதி ஒன்று தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ளது. அதுவே ஓசூரும் கிருஷ்ணகிரியும் சூழ்ந்த நாடு. முன்னர்ச் சேலம் மாவட்டத்திலும், 1965-ஆம் ஆண்டு முதல் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் எனத் தனி மாவட்டமாயிற்று. மேற்கே கன்னட நாடும், வடக்கே ஆந்திர நாடும் இதனை அடுத்துள்ளன. ஆதலால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இங்கே ஒரு தெருவில் உறவாடும். ஒரு வீட்டிலும் உறவாடும்.

இந்நிலம் படிப்படியாக உயர்ந்து செல்வது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டரில் தொடங்கி 1,400 மீட்டர் வரை உயர்வது இம்மாவட்டம். கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூரோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் அமைந்துள்ளது. மேலேயுள்ள பகுதியைப் பாலாகாட்டு என்றும், கீழேயுள்ள பகுதியைப் பாராமகால் என்றும் பழைய ஆவணங்கள் குறிக்கும். இவ்விரண்டு படிகளுக்கும் இடையிலும், அவற்றின் மேலும், பாறைக்குன்றுகள் எங்கும் எழுந்து நிற்கின்றன.

இன்று இந்நாடு தொழில்வளத்தால் புகழ்பெற்றது. 1970-களில் ஓசூரில் அரசு தொழிற்பேட்டை அமைத்தது. அதன்பின் பெருவண்டிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் இங்கே பெருகின. சிற்றூராக இருந்த ஓசூர் 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் செல்வோர் பலர் சாலையின் இருமருங்கும் நிற்கும் குன்றங்களைச் சாளரத்தின் வழியே ஒரு கணம் நோக்குகின்றனர், மறுகணம் மறந்துவிடுகின்றனர். குன்றின் அடியிலேயே குடியிருப்போரிலும் அதன்மேல் ஒருமுறையேனும் ஏறிப் பாராதவர் உளர். அருகில் இருக்கும் பொருளின் அருமை அறியாதிருத்தல் மக்கள் இயல்பு போலும்!

குன்றை அறிவதற்கு அதன் பெயரே முதல் வாயில். தமிழில் குன்று, குன்றம், மலை, வரை, பொறை, பறம்பு எனப் பல சொற்கள் உள. கன்னடத்தார் மலையைப் பெட்ட என்பர். தெலுங்கர் கொண்ட என்பர். வடமொழியில் கிரி என்பர். அரணுடைய மலை துர்க்கம் எனப்படும். இம்மூன்று மொழிகளும் வடமொழியும் இந்நாட்டு மலைப்பெயர்களில் கலந்து கிடக்கின்றன. கிருஷ்ணகிரி என்பதற்குக் கருமலை என்று பொருள் கொள்ளலாம். அங்குள்ள கரும்பாறைக் குன்றினைக் கண்டோர் அப்பெயர் பொருந்தும் என்றே கூறுவர். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் பெயரால் அமைந்தது என்று கூறுவாரும் உளர். நெடுஞ்சாலையின் அருகே சூலம்போல் முனைகொண்டு நிற்கும் மலையால் சூளகிரி பெயர்பெற்றது என்பர். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைமேல் உள்ள பெட்டமுகிலாளம் என்னும் ஊர்ப்பெயரில் கன்னட மலையும் தமிழ் முகிலும் கைகோத்து நிற்கின்றன. மழைக்காலத்தில் அவ்வூரின்மேல் மேகம் தவழக் கண்டோர்க்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை.

பெயருக்கு அடுத்தபடியாக அறியத்தக்கது கல்லின் வரலாறு. இக்குன்றங்களை ஆக்கிய பாறைகள் நிலவுலகின் பழம்பாறைகளுள் வைத்து எண்ணப்படுவன. இவற்றுட் பல இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் அளவில் பழமையுடையன என்று நிலநூலார் கணித்துள்ளனர். இமயமலை எழத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளே ஆயின. எனவே, உயரத்தில் சிறியனவாகிய இக்குன்றங்களின் கல் அகவையில் இமயத்தினும் மிக மூத்தது. மண்ணின் அடியில் ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த மண்ணும் கல்லும் மழையாலும் காற்றாலும் கரைந்துபோக, மெல்ல மெல்ல வெளிப்பட்டது. பகலில் வெயில் காய்ச்சவும் இரவில் குளிர் தாக்கவும், மேற்சுமை நீங்கவும், பாறையின் மேற்புறம் வெங்காயத்தோல் உரிவதுபோலத் தகடு தகடாக உரிகின்றது. கூர்மையெல்லாம் தேய்ந்து, கவிழ்த்த கிண்ணம் போன்ற வழவழப்பான வடிவம் பெறுகின்றது. இந்நாட்டுக் குன்றுகள் பல யானை படுத்திருப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இனி, ஒரு குன்றின்மேல் ஏறிப் பார்ப்போம். கிருஷ்ணகிரியின் பழைய பேட்டையை அடுத்து நகரின் தலைமேல் நிற்பதுபோல் ஓங்கியுள்ளது கோட்டைமலை. மலைமேல் சையத் பாஷா தர்கா இருப்பதால் மக்கள் அதனைச் சையத் பாஷா மலை என்றும் வழங்குவர். கதிரவன் எழுமுன் அடிவாரத்தை அடைந்தவனுக்குப் பாறை குளிர்ந்திருக்கும். தொடக்கத்தில் வழி எளிதாகவே இருக்கும். சிறிது தொலைவு சென்றபின் படிகள் செங்குத்தாகும், மூச்சு இளைக்கும், முழங்கால் தளரும். அப்போது இளைப்பாற நிற்பவன் திரும்பிப் பார்த்தால், சற்றுமுன் தான் நடந்துவந்த தெரு பாயின் கீற்றுப்போல் கீழே கிடக்கக் காண்பான். அக்காட்சியே அவன் காலுக்கு வலிமை தரும்.

மேலே செல்லச் செல்லக் கோட்டைமதில்கள் எதிர்ப்படும். பாறை இயற்கையாகவே செங்குத்தாக நிற்குமிடத்தில் மதில் இல்லை. பாறை சரிந்து பகைவர்க்கு வழிவிடும் இடத்தில் மட்டும் மதில் எழுப்பப்பட்டுள்ளது. மலை செய்யாது விட்ட காவலை மனிதன் செய்து முடித்தான் என்னலாம். வாயில்கள் நேராக அமையாமல் வளைந்து வளைந்து அமைந்துள்ளன. விரைந்து ஓடிவரும் படையைத் தடுத்து நிறுத்துவதற்கே அவ்வாறு அமைத்தனர். உச்சிப்பகுதியில் இடிந்த கட்டடங்களும் மழைநீர் தேங்கும் சுனைகளும் காணப்படும். மலைக்கோட்டைக்கு உயிர்நிலை சுனையே. எத்துணை உயர்ந்த மதில் இருப்பினும், உள்ளே நீர் இல்லையேல் அரண் சின்னாளில் வீழும். பாறையின் பள்ளமறிந்து, ஒரு துளி மழையும் வீணாகாது தேக்கிய முன்னோரின் நுண்ணறிவு எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

இக்கோட்டையின் வலிமைக்கு வரலாறே சான்று. மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயர்க்கும் நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இரவில் மாக்ஸ்வெல் என்னும் தளபதி இதனைத் தாக்கினார். அடிவாரத்து அரணும் பேட்டையும் அவர் கைக்கு வந்தன. ஓடிய வீரரைத் தொடர்ந்து மேற்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று ஆங்கிலப் படை விரைந்தது. கோட்டையினர் வாயிலை அடைத்தனர். மேலிருந்து பெருங்கற்களை உருட்டினர். ஏணிகள் முறிந்தன, ஏறியோர் வீழ்ந்தனர். இறுதியில் படை பின்வாங்கியது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையினாலேயே பாராமகால் ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. வாளால் கொள்ள இயலாத மலையை அவர்கள் எழுதுகோலால் கொண்டனர். இச்செய்தியை வகுப்பறையில் படிப்பது ஒன்று; அக்கற்கள் உருண்ட சரிவின்மேல் நின்றுகொண்டு எண்ணுவது மற்றொன்று. அங்கே நிற்பவனுக்கு வரலாறு ஏட்டுச் செய்தியாக இராது. காற்சுவட்டின் கீழ்க் கிடக்கும் கல்லாகவே இருக்கும்.

உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குதல் ஒரு நல்ல பாடம். கீழே கிருஷ்ணகிரி நகரம் விரிந்து கிடக்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்திற்கும் செல்லும் சாலைகள் அங்கே ஒன்றுகூடிப் பிரிவதைக் காணலாம். இவ்வூர் ஏன் பண்டுதொட்டுப் படைகளும் வணிகரும் நாடிய இடமாயிற்று என்பது அப்போது தானே விளங்கும். புறநகரில் மாந்தோப்புகள் கரும்பச்சைத் திட்டுகளாகத் தோன்றும். தொலைவில், கன்னட நாட்டு நந்திமலைப் பகுதியில் தோன்றி ஓசூர் வழியாக வரும் தென்பெண்ணையாற்றை 1950-களில் தடுத்துக் கட்டிய கிருஷ்ணகிரி அணை உள்ளது. அதன் நீரால் விளையும் வயல்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகள், அவற்றிடையே பரந்த பாறைநிலம் ஆகியவற்றைச் சேர்த்து நோக்குபவன், நீர் எங்கே உண்டோ அங்கேயே ஊர் உண்டு என்னும் உண்மையை ஆசிரியர் உதவியின்றியே கற்றுக்கொள்வான். அடிக்கோலும் வண்ண மையும் கொண்டு தீட்டிய நிலப்படம் அங்கே உயிர்பெற்றுக் கிடக்கிறது.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, இரண்டிற்கும் ஏறத்தாழ ஒத்த தொலைவில் இராயக்கோட்டை உள்ளது. சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் இது ஒரு நிலையம். புகைவண்டியில் வருவோர் நிலையத்திற்கு அருகிலேயே எழும் கோட்டைக்குன்றைக் காணலாம். மேட்டுநிலத்திற்கும் தாழ்நிலத்திற்கும் இடையே உள்ள கணவாய்க்குக் காவலாக நிற்பது இக்கோட்டை. 1791-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மேஜர் கௌடி என்பவர் தலைமையில் வந்த படை இதனைக் கைப்பற்றியது. எட்டாண்டுகளுக்குப்பின், 1799-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்ற ஆரிசு தளபதியின் பெரும்படை இவ்வழியாகவே மைசூர் எல்லைக்குள் புகுந்தது. அப்போரிலேயே திப்பு சுல்தான் வீழ்ந்தார். இன்று இக்குன்றில் படையொலி இல்லை. ஆடு மேய்க்கும் சிறுவரின் குரலும், கீழே செல்லும் வண்டியின் ஊதொலியுமே கேட்கும். பேரரசுகளின் தலைவிதியைத் தீர்த்த மலை ஆட்டுக்குட்டிக்கு நிழல் தரக் காண்பவன், அரசியல் வெற்றிகளின் நிலையாமையை உணர்வான்.

அரசர் கோட்டை கட்டுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்குன்றங்களில் மக்கள் வாழ்ந்தனர். மல்லச்சந்திரத்தை அடுத்த பாறைமேட்டில் கற்பலகைகளை நிறுத்தி மேலே பெரும்பலகை மூடி அமைத்த கல்திட்டைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இறந்தோர் நினைவாக இரும்புக்கால மக்கள் எழுப்பியவை அவை. பருகூர்ப் பகுதியில் உள்ள மயிலாடும்பாறையில் பாறை ஓவியங்களும், புதிய கற்காலக் கருவிகளும், ஈமச்சின்னங்களும் கிடைத்துள்ளன. அங்கே அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்ட செய்தி 2022-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்குன்றத்தார் இரும்பை அறிந்திருந்தனர் என்பது இதனால் புலனாகும். இன்று அதே மாவட்டத்தில், இரும்பாலும் எஃகாலும் வண்டிகள் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. மயிலாடும்பாறைக்கும் ஓசூர் ஆலைக்கும் இடையே உள்ள தொலைவு சாலையில் சில மணி நேரம்; காலத்தில் நாலாயிரம் ஆண்டு. தொழில் என்பது இந்நாட்டுக்கு நேற்று வந்த விருந்தன்று.

ஓசூர் நகரிலேயே எளிதில் ஏறத்தக்க குன்று ஒன்று உண்டு. சந்திரசூடேசுவரர் திருக்கோயில் அதன்மேல் உள்ளது. முதியோரும் சிறுவரும் படியேறிச் சென்று வழிபட்டு வருகின்றனர். வழிபாடு முடிந்தபின் வெளிப்புறத்தில் நின்று நோக்கினால், ஏரியும் பழைய தெருக்களும் ஒருபுறம். தகரக் கூரை வேய்ந்த தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் ஒருபுறம். பழைமையும் புதுமையும் அடுத்தடுத்து நிற்கும் அக்காட்சியைக் காண்பதற்கு ஏற வேண்டிய உயரம் மிகச் சிறிதே. உயரம் சிறிதாயினும் பார்வை பெரிதாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

சிறுமலை ஏறுதலின் பயனைப் பிற நாட்டாரும் உணர்ந்துள்ளனர். இத்தாலிய நாட்டுப் பெரும்புலவர் பெத்ரார்க்கு என்பவர், 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள வெந்தூ என்னும் மலையில் ஏறினார். அது ஏறத்தாழ 1,910 மீட்டர் உயரமே உடையது. படைத்தொழிலோ வாணிகமோ கருதாது, உச்சியிலிருந்து காணவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றாலேயே அவர் ஏறினார். வழியில் முதிய ஆயன் ஒருவன், ‘ஏறவேண்டா’ என்று தடுத்தும் அவர் கேட்கவில்லை. உடன்வந்த தம்பி செங்குத்தான நேர்வழியில் ஏறினான். புலவரோ எளிய வழி தேடிச் சுற்றிச் சுற்றிச் சென்று, மேலே போவதற்கு மாறாகப் பள்ளத்தில் இறங்கி, மும்முறை ஏமாந்தார். மெலிந்து அமர்ந்த அவர், ‘வாழ்க்கையிலும் இவ்வாறுதானே எளிய வழி தேடிக் காலத்தை இழக்கிறோம்’ என்று எண்ணித் தம்மையே இடித்துரைத்துக்கொண்டார். அவ்வெண்ணத்தை அவருக்குத் தந்தது மலையே. இத்தகைய பாடத்தைக் கற்பதற்கு வெந்தூவுக்குப் போகவேண்டுவதில்லை. இராயக்கோட்டைக் குன்றே போதும்.

குன்றம் வெறுங்கல் அன்று. உயிர்கள் பலவற்றின் உறைவிடம். பாறை வெடிப்பில் ஒரு பிடி மண் சேர்ந்தால் அங்கே புல் முளைக்கும். புல் மக்கிய மண்ணில் சீத்தாவும் களாவும் காரையும் வேர்விடும். மழை பெய்த சின்னாளில், கருகிக் கிடந்த பாறைமேடு பசும்போர்வை போர்த்து நிற்கும். பெரும்பாறைகளின் இடுக்கில் கரடி தங்கும். சரிவில் மயில் உலவும். உச்சியில் வல்லூறு வட்டமிடும். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் சிறுபறவை ஒன்று உண்டு. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளின் புதர்களிலன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. குன்று அழிந்தால் அது பறந்து சென்று தங்குவதற்கு வேறு நாடு இல்லை. ஆதலின் அழியும் நிலையை எய்தக்கூடிய பறவைகளுள் ஒன்றாக அதனை அறிஞர் குறித்துள்ளனர்.

தெற்கே செல்லச் செல்லக் குன்றுகள் பெருகி மேலகிரி மலைத்தொடராகும். காவிரியை நோக்கிச் சரியும் அக்காடுகளில் யானைகள் வாழ்கின்றன. அங்குள்ள குத்திராயன் சிகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுடையது. அக்காடுகளைக் காக்கும் பொருட்டு 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குக் காப்பகமும், 2022-ஆம் ஆண்டு நவம்பரில் 686 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்குக் காப்பகமும் அமைக்கப்பட்டன. அங்கே வனத்துறையின் இசைவும் வழிகாட்டியும் இன்றிப் புகுதல் குற்றம், உயிர்க்கும் கேடு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் உயிரிழந்த துயரத்தை நாடு மறவாது. அதன்பின் மலையேற்றத்திற்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் மாநிலமெங்கும் நாற்பது மலையேற்றப் பாதைகளை அரசு முறைப்படி திறந்துவைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகளும் அவற்றுள் அடங்கும்.

சிறு குன்று ஏறுவோரும் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். தனியே ஏறலாகாது, வீட்டாரிடம் சொல்லாமல் செல்லலாகாது. வைகறையில் ஏறி, வெயில் முதிருமுன் இறங்கிவிட வேண்டும். கரும்பாறை நண்பகலில் அடுப்புக்கல்லாகிவிடும். மழை பெய்த பாறையில் பாசி வழுக்கும். இடி மின்னல் தோன்றின் உச்சியில் நில்லாது உடனே இறங்குதல் வேண்டும். பாறையில் தொங்கும் தேனடைக்கு அருகே கூச்சலிடுதலும் புகைமூட்டுதலும் தகா. ஏறுவதினும் இறங்குவதில் விழிப்பு மிகுதியும் வேண்டும். வென்றுவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் கால் வைத்த இடத்தை நோக்காதவரே பெரும்பாலும் வழுக்கி வீழ்கின்றனர். சுனைநீரில் அழுக்கை இடலாகாது. கொண்டுசென்ற நெகிழிப் பையையும் குப்பியையும் கொண்டே இறங்கவேண்டும். பழைய மதிலில் தம் பெயரைக் கரியாலும் வண்ணத்தாலும் எழுதுவோர் உளர். அம்மதிலைக் கட்டிய தச்சனும் கொற்றனும் தம் பெயரை அதில் பொறித்தாரல்லர். ஏறிப்பார்க்க வந்தவன் தன் பெயரைப் பொறித்தல் எவ்வளவு நாணத்தக்க செயல்!

இவையெல்லாவற்றினும் பெரியதொரு கேடு குன்றங்களுக்கு நேர்ந்து வருகின்றது. கிருஷ்ணகிரிப் பகுதியின் கருங்கல் உறுதியாலும் அழகாலும் பெயர்பெற்றது. அறுத்து மெருகிட்ட பலகைகளாக அது கடல் கடந்தும் செல்கின்றது. சாலைக்கும் பாலத்திற்கும் ஆலைக்கும் வீட்டிற்கும் சல்லியாகப் பயன்படுவதும் குன்றின் கல்லே. கல் தொழிலால் வயிறு வளர்ப்போர் பலர். கல் வேண்டா என்று கூறிவிட இயலாது. அவ்வாறு கூறுபவனும் கல்லாலாய வீட்டிலேயே வாழ்கின்றான். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வெட்டிய மரத்தை மீண்டும் நட்டு வளர்க்கலாம். வறண்ட ஏரியை மழை நிரப்பிவிடும். அறுத்தெடுத்த குன்று மீண்டும் முளையாது. இருநூற்றைம்பது கோடி ஆண்டு நின்ற பாறையைச் சில ஆண்டுகளில் பொறி தின்றுவிடும். குன்றோடு அதன் சுனை போகும். சுனையிலிருந்து கசிந்து ஏரியை நிரப்பிய நீர்வழி போகும். கல்திட்டையும் ஓவியமும் போகும். சின்னான் பறவையும் போகும். எஞ்சுவது நீர் தேங்கிய பள்ளமே.

எந்தக் குன்றிலிருந்து கல் எடுக்கலாம், எதனைத் தொடலாகாது என்று வரையறுப்பது அரசின் கடமை. கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை ஆகிய கோட்டைகள் நடுவண் அரசின் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. ஆயினும், கோட்டையும் கோயிலும் இல்லாத பெயரறியாக் குன்றுகளுக்குக் காவல் யார்? அவற்றின்மேல் ஏறியவரே அவற்றுக்குக் காவல். ஏறாதவனுக்குக் குன்று வெறுங்கற்குவியல். அது மறைந்த நாளில் அவன் அதனை உணரவும் மாட்டான். சிறு வயதில் தோழரோடு ஏறி, அதன் சுனையில் கால் நனைத்து, அதன் உச்சியிலிருந்து தன் ஊரைக் கண்டவனுக்கோ அது உறவினர்களுள் ஒருவர் போன்றது. அதற்கு ஊறு நேருங்கால் அவன் வாளா இரான். ஆதலால் குன்றேறுதல் உடலுக்கு நலம் தரும் பொழுதுபோக்கு மட்டுமன்று. நிலத்தைக் காக்கும் அறத்தின் முதற்படியும் ஆகும்.

கைப்பொருளைக் கொண்டு ஒரு வினையைத் தொடங்குபவன், குன்றின்மேல் அச்சமின்றி நின்று யானைகள் பொருவதைக் காண்பவன் போன்றவன் என்று வள்ளுவர் உவமை கூறினார். குன்றும் யானையும் ஒருங்கே உடையது இவ்வெல்லை நாடு. இதனை அடுத்த தகடூரிலிருந்து ஆண்ட அதியமான், ஏறுதற்கரிய மலைவெடிப்பில் இருந்த நெல்லியின் இனிய கனியைப் பெற்றுவந்து, தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தான் என்பது தமிழர் மறவாத செய்தி. அம்மன்னன் மலையிலிருந்து கொண்டுவந்தது ஒரு கனி. அதனையும் பிறர்க்கே அளித்தான். இன்று மலையை நாடும் மக்கள் கொண்டுவரத்தக்கது அங்கே பெற்ற அறிவும் அன்பும் ஆகும். அவற்றைப் பின்வருவோர்க்கு அளித்தலும், அவர் ஏறுதற்குக் குன்றினைக் குறைவின்றி விட்டுச்செல்லுதலும் இன்றையோர் கடனாகும். விடுமுறை நாள் வருகின்றது; குன்றம் காத்திருக்கின்றது. மாணவர்கள் ஆசிரியரோடும் பெற்றோரோடும் ஏறிக் கண்டு, இன்புற்று, அதனைக் காப்பாராக.

பயிற்சி வினாக்கள்

1. ஓசூர், கிருஷ்ணகிரி நாட்டு மலைப்பெயர்களில் எம்மொழிச் சொற்கள் கலந்துள்ளன? சான்று தருக.

2. பாறைக்குன்றுகள் வழவழப்பான வடிவம் பெறுவது எவ்வாறு?

3. 1791-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரிக் கோட்டையில் நிகழ்ந்த போரினை நும் சொற்களில் எழுதுக.

4. பெத்ரார்க்கு மலையேறுகையில் கற்ற பாடம் யாது?

5. ‘அறுத்தெடுத்த குன்று மீண்டும் முளையாது’ - இக்கூற்றை விளக்குக.

6. நும் ஊருக்கு அருகிலுள்ள குன்று ஒன்றின் பெயர்க்காரணத்தையும், அதன்மேல் காணத்தக்கவற்றையும் முதியோரிடம் கேட்டறிந்து ஒரு கட்டுரை வரைக.